பால்மரப் பாலில் ஒரு குடில்: நம்பிக்கையும் கலையும் பற்றி எங்கள் ஊரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் ஈப்போவுக்கு வடக்கே அரை மணி நேரப் பயணத்தில் இருக்கிறது சுங்கை சிப்புட். நான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். தமிழ்ப்பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றேன். ஆண்டுதோறும் நவம்பர் பிறந்தால் எங்கள் சிற்றாலயத்தின் பின்கட்டில் கிறிஸ்துமஸ் குடில் வேலைக்கு ஆள் சேர்ப்பது என் பொறுப்பு. அங்கே களிமண் பிசைந்துகொண்டே பிள்ளைகள் கேட்பதும், கோப்பி கொண்டுவரும் பெரியவர்கள் கேட்பதும், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து இந்து நண்பர்கள் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொரு முறையும் கையில் சாந்தோடு பதில் சொல்லி அலுத்துப்போய் இவற்றை எழுதிவைத்தேன்.

பக்தி இருந்தால் கலை தானாக வந்துவிடாதா?

வராது. முதல் ஆண்டு குடிலுக்காக நான் வார்த்த சூசையப்பர் (இயேசுவின் வளர்ப்புத் தந்தை) சிலைக்கு மூக்கு நுனியில் ஒரு காற்றுக் குமிழி. வார்ப்பதற்கு முன்பு முழந்தாளில் நின்று ஒரு செபமாலை முழுவதும் சொல்லிவிட்டுத்தான் சாந்தை ஊற்றினேன். குமிழிக்கு அது தெரியவில்லை. ஊற்றியவுடன் அச்சைப் பக்கவாட்டில் தட்டித் தட்டிக் காற்றை மேலே வரவைக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், வீடுகளுக்கு உட்கூரைப் பூச்சு வேலை செய்யும் ஒரு சீனக் கொத்தனார். அவர் பௌத்தர்.

அப்படியானால் நம்பிக்கைக்கு இங்கே என்ன வேலை? ஓட்டை மூக்கைப் பார்த்து, "தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது, விடு" என்று என் மனமே சொல்லும்போது, விடாமல் உடைத்துத் திரும்ப வார்க்க வைக்கிறதே, அந்த வேலை. எல்லாரிடத்திலும் அது நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். "ஆண்டவருக்குத்தானே, மனசுதான் முக்கியம்" என்று சொல்லி அரைகுறை வேலையை ஆலயத்துக்குள் நுழைப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதே ஆள் தன் வீட்டு வாசற்படியை அப்படி விடுவதில்லை.

விவிலியத்தில் கலைஞர்கள் எங்கே வருகிறார்கள்?

விடுதலைப் பயணம் 31ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். மெதடிஸ்ட், லுத்தரன் நண்பர்கள் யாத்திராகமம் என்பார்கள். யூதா குலத்து ஊரியின் மகன் பெசலெயேல். பொன், வெள்ளி, வெண்கல வேலை, கல் பதித்தல், மரம் செதுக்குதல் இவற்றுக்காகவே கடவுள் அவரைத் தம் ஆவியால் நிரப்பியதாக அங்கே எழுதியிருக்கிறது. பழைய ஏற்பாட்டில் ஆவி இறங்குவது என்றால் அரசர், இறைவாக்கினர் என்றுதான் நமக்கு நினைவு வரும். தச்சரும் தட்டாரும் அவர்களுக்கு முன்பே வந்துவிட்டார்கள்.

மூன்று அதிகாரம் முன்னால் போனால் இன்னும் சுவையான செய்தி. 28ஆம் அதிகாரத்தில் தலைமைக் குரு ஆரோனுக்கு உடை தைக்க வேண்டியவர்களும் ஞானத்தின் ஆவியால் நிரப்பப்பட்டவர்கள்தான். பீடத் துணிக்குப் பின்னல் விளிம்பு தைக்கும் எங்கள் ஊர்ப் பெண்களிடம் இதைச் சொன்னபோது, அவர்களில் ஒருவர், "அப்படியானால் எங்கள் பெயரையும் அறிவிப்பில் வாசிக்கச் சொல்லுங்கள் வாத்தியாரே" என்றார். நியாயந்தான். இதுவரை வாசித்ததில்லை.

35ஆம் அதிகாரத்தில் ஒரு வரி எனக்கென்றே எழுதியது போல இருக்கும். பெசலெயேலுக்கும் அவருடைய துணைவருக்கும் பிறருக்குக் கற்றுக்கொடுக்கும் திறனையும் கடவுள் தந்தாராம். வேலை தெரிந்தவர் எல்லாருக்கும் இது வாய்ப்பதில்லை. தாம் கற்ற வித்தையைத் தம்மோடு குழிக்குள் கொண்டுபோன ஆசாரிகளை நான் அறிவேன்.

"உருவம் செய்யாதே" என்று பத்துக் கட்டளையில் இருக்கிறதே?

இருக்கிறது. இதை எங்கள் ஊரில் கேட்பவர்கள் பெரும்பாலும் பெந்தெகொஸ்தே சபைப் பிள்ளைகள். கேட்கட்டும், நல்ல கேள்வி. ஆனால் கட்டளை 20ஆம் அதிகாரத்தில் வருகிறது. 25ஆம் அதிகாரத்திலேயே உடன்படிக்கைப் பேழையின் மேல் சிறகுள்ள வானவர்களான இரண்டு கெருபுகளைப் பொன்னால் அடித்துச் செய்யச் சொல்கிறார் அதே கடவுள். எண்ணிக்கை நூல் 21இல் மோசே வெண்கலப் பாம்பைச் செய்து கம்பத்தில் உயர்த்துகிறார். ஆக, உருவம் செய்வதே குற்றம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பின்னால் நடந்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மக்கள் அந்தப் பாம்புக்கே தூபம் காட்டத் தொடங்கியபோது எசேக்கியா அரசர் அதை உடைத்துப் போட்டார். கத்தோலிக்கனாகிய நான் சொல்கிறேன்: எசேக்கியா செய்தது சரி.

திருச்சபைக்குள் இந்த வழக்கு நெடுங்காலம் நடந்தது. எட்டாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர்கள் படங்களை அகற்றச் சொன்னார்கள். 787இல் ஆயர்கள் கூடிய இரண்டாம் நீசேயா சங்கம், படத்துக்குச் செய்யும் வணக்கம் அது காட்டும் ஆளைப் போய்ச் சேருகிறது, ஆராதனை கடவுளுக்கு மட்டுமே என்று தீர்த்தது. பதினாறாம் நூற்றாண்டில், புராட்டஸ்டண்டு சபைகள் பிரிந்த சீர்திருத்தக் காலத்தில் வழக்கு மீண்டும் கிளம்பியது. லுத்தர் இசையை அணைத்துக்கொண்டு தாமே பாடல்கள் எழுதினார். பல வாத்தியங்கள் வாசிக்கத் தெரிந்த இன்னொரு சீர்திருத்தவாதி சுவிங்லியோ, ஜூரிக் நகர ஆலயங்களில் இசையையே நிறுத்தினார். கலை தெரியாததால் அவர் அதை வெறுத்தார் என்று சொல்ல வழியில்லை. அது எப்படித் தன்னைக் கவர்ந்து இழுக்கும் என்று நன்றாகத் தெரிந்தவர் அவர். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன், முடிவை ஏற்கவில்லை.

குடில் சுரூபங்களை (சிலைகளை) கடையில் வாங்கினால் என்ன?

வாங்கலாம். விலையும் குறைவு. நாங்கள் செய்வதற்குக் காரணம், எங்களுக்கு ஒரு முறை தெரியும். அதன் மூலப்பொருள் இந்த ஊர் மரத்திலேயே வடிகிறது.

முதலில் களிமண்ணில் உருவம். ஒரு சாண் உயரம் போதும். அது காய்ந்ததும் மேலே பால்மரப் பாலை, அதாவது ரப்பர் மரப் பாலை, பூச வேண்டும். மரத்தில் பால் வடியும் கிண்ணமான மங்கிலிருந்து எடுத்த பால் சில மணி நேரத்தில் உறைந்துவிடும். அதனால் வடிகட்டிக் கொஞ்சம் அமோனியா கலந்து வைப்போம். நெடி கண்ணைக் கரிக்கும். கதவு சன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும். தூரிகையால் மெல்லிய பூச்சு ஒன்று. வெள்ளையாக இருக்கும் பால் காயக் காய மங்கிய தேன் நிறத்துக்கு மாறும். நிறம் மாறிய பிறகே அடுத்த பூச்சு. அவசரப்பட்டால் உள்ளே ஈரம் தங்கி வெள்ளைத் திட்டாகவே நின்றுவிடும். இப்படிப் பத்துப் பன்னிரண்டு பூச்சு. நடுவில் இரண்டு இடங்களில் மருந்துக்கட்டுத் துணியை ஒட்டுவோம். மழைக்காலத்தில் ஒரு வாரம் ஆகும். நவம்பரில் இங்கே மழை பெய்யாத நாள் எது?

மேலே இரண்டு பாதியாகச் சாந்துக் கூடு ஒன்று கட்டி, அது இறுகியதும் பிரித்து, பால் தோலின் மேல் முகப்பவுடர் தூவி, காலுறையைக் கழற்றுவது போல உருட்டிக்கொண்டே உரிக்க வேண்டும். அந்த நிமிடத்துக்காகப் பிள்ளைகள் காத்திருப்பார்கள். களிமண்ணில் நாம் கவனிக்காமல் விட்ட கைரேகைகூட உட்புறத்தில் அப்படியே பதிந்திருக்கும். பிறகு பாரிஸ் சாந்து. தண்ணீரில் சாந்தைத் தூவ வேண்டும். சாந்தில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். இறுகும்போது அச்சு கைக்குச் சூடாக இருக்கும். சென்ற ஆண்டு ஒரு சிறுமி குழந்தை இயேசுவின் அச்சைக் கையில் ஏந்திக்கொண்டு, "வாத்தியாரே, காய்ச்சல் அடிக்கிறது" என்றாள். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடவுள் உடல் எடுத்தார் என்று எத்தனையோ மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், இவ்வளவு கிட்டத்தில் யோசித்ததில்லை.

ஒரு குறை. ஆலையில் பதப்படுத்தாத பாலில் செய்த அச்சு ஓர் ஆண்டுக்குள் பிசுபிசுத்துப் போகும். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் புதிதாக.

இடையர்களுக்கு நெற்றி விளக்கு மாட்டியிருக்கிறீர்களே, பெத்லகேமில் ஏது பால்மரம்?

பெத்லகேமில் இல்லை. இங்கேயும் இருந்ததில்லை. பிரேசில் காட்டு மரம் அது. 1877இல் பக்கத்துக் கோலாகங்சாரில் நட்ட கன்றுகளில் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. மரமும் வந்தது, அதை வெட்ட நம் பாட்டன்மாரும் வந்தார்கள், அவர்களில் சிலரோடு நம்பிக்கையும் கப்பலேறி வந்தது. யாரை வந்தேறி என்று சொல்வது?

லூக்கா எழுதியதை நான் மாற்றவில்லை. நற்செய்தியை முதலில் கேட்டவர்கள் இராவேலை பார்த்தவர்கள் என்கிறார் அவர். எங்கள் அம்மா விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்ட மர நிரைக்குப் போனவர். இருட்டில் விழித்திருக்கும் கூலி ஆள் எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரிந்த ஒரே முகம் அதுதான். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாடு பற்றிய ஏட்டில், திருச்சபை எந்த ஒரு கலைப்பாணியையும் தனக்கே உரியதென்று வைத்துக்கொண்டதில்லை என்று சொல்லியிருக்கிறது. ஐரோப்பிய ஓவியர்கள் மரியாவுக்குத் தங்கள் ஊர்ப் பெண்ணின் முகத்தைக் கொடுத்தபோது யாரும் பெத்லகேமைக் கேட்கவில்லை.

ஆனாலும் எல்லாவற்றையும் தோட்டமாக்கிவிடக் கூடாது. ஓர் ஆண்டு ஏரோது அரசனை வெள்ளைக்காரத் துரையாகச் செய்தோம், தொப்பியும் சுருட்டுமாக. எல்லாரும் துரையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள், குழந்தையைப் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு துரையை எடுத்துவிட்டேன்.

உறுமி, கோலம், குத்துவிளக்கு எல்லாம் ஆலயத்தில் வரலாமா?

கோலமும் குத்துவிளக்கும் இங்கே பல ஆலயங்களில் எப்போதோ வந்துவிட்டன. இந்தியத் திருச்சபைக்கு 1969இல் வழிபாட்டில் எண்ணெய் விளக்கு, ஆரத்தி முதலிய பன்னிரண்டு அம்சங்களுக்கு உரோமை அனுமதி தந்தது. அது இந்தியாவுக்கானது, மலேசியாவில் உங்கள் பங்குத்தந்தையைக் கேட்டுச் செய்யுங்கள்.

உறுமி வேறு கதை. எங்கள் பாடகர் குழு இளைஞர்கள் அருமையாக உறுமி வாசிப்பார்கள். ஒரு ஞாயிறு காணிக்கைப் பவனிக்கு வாசிக்கலாம் என்று ஏற்பாடு. ஒத்திகையில், வளர்ந்த பிறகு திருமுழுக்குப் பெற்ற ஒரு பாட்டி எழுந்து வெளியே போய்விட்டார். "அந்த மேளம் கேட்டால் எனக்கு உடம்பு வேறு மாதிரி ஆகிறது தம்பி, சின்ன வயதில் எனக்கு அருள் வரும்" என்றார். மேளத்தில் பாவம் இல்லை. ஆனால் அந்த ஒலி அவருக்குள் எந்தக் கதவைத் திறக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். தவிலை வைத்துக்கொண்டோம். இளைஞர்களுக்கு வருத்தம். நான் செய்தது சரியா என்று இன்னமும் எனக்கு இரண்டு மனம். பாட்டி இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன.

கீர்த்தனை பாடுவதா, புதுப் பாட்டா?

நல்ல பாட்டு. பழைய கீர்த்தனைகளைத் "தாத்தா பாட்டு" என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு செய்தி: அவை பிறந்தபோது துணிச்சலான புதுப் பாட்டுகளாகத்தான் இருந்தன. தஞ்சையில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864), சிற்றின்பச் சுவை மிகுந்த குறவஞ்சி வடிவத்தை எடுத்து அதில் பெத்லகேமைப் பாடினார். அவரும் சரபோஜி மன்னரும் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஒன்றாகப் படித்தவர்கள். அவருக்கும் முன்பு, இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் (1680–1747) சூசையப்பரைக் காப்பியத் தலைவராக்கி 3,615 விருத்தங்களில் தேம்பாவணி எழுதினார். நான்கு நற்செய்திகளிலும் ஒரு சொல்கூடப் பேசாத மனிதர் சூசையப்பர்! வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பனில் தோய்ந்த கிருஷ்ண பிள்ளை (1827–1900) கிறிஸ்தவரான பின்பும் கம்பனின் ஓசையை விட்டுவிடவில்லை. இவர்கள் எவரும் தமிழைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தவர்கள் அல்லர்.

புதுப் பாட்டில் எனக்கிருக்கும் ஒரே மனத்தாங்கல், ஒரே வரியைப் பதினாறு முறை பாடுவது.

புனித வெள்ளியன்று ஒப்பாரி வைக்கலாமா?

தாராளமாக. இலங்கைக் கத்தோலிக்கரிடையே வியாகுலப் பிரசங்கம் என்று ஒரு மரபே உண்டு. ஆண்டவரின் பாடுகளை இழுத்து இழுத்து இசையோடு வாசிப்பார்கள். எங்கள் தோட்டத்திலோ பெரிய வெள்ளி மாலையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மரியாவின் வாயால் மகனுக்கு ஒப்பாரி பாடுவார்கள். "பத்து மாதம் சுமந்தேனே" என்று தொடங்கினால் கேட்கிற ஆண்கள் வாசலுக்கு நழுவுவார்கள்.

ஒப்பாரி என்பது கட்டுக்கடங்காத அழுகை என்று நினைப்பவர் அதைக் கவனித்துக் கேட்காதவர். அதில் எதுகை உண்டு, அடுக்கு உண்டு, மூச்சு விட இடம் உண்டு. யார் எப்போது எடுத்துக்கொடுப்பது என்பதிலும் ஒழுங்கு உண்டு. விவிலியத்தின் புலம்பல் நூலும் அப்படித்தான். எருசலேம் எரிந்த துயரத்தைப் பாடும் அந்த நூலில் முதல், இரண்டாம், நான்காம் அதிகாரங்களுக்கு 22 வசனங்கள். எபிரேய எழுத்து 22, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு வசனம். மூன்றாம் அதிகாரத்தில் எழுத்துக்கு மூன்றாக 66. நகரமே சாம்பலாகிக் கிடக்கும்போது ஒருவர் அகர வரிசை பார்த்துக் கவிதை கட்டியிருக்கிறார். துக்கம் பொய்யா? இல்லை. நிற்பதற்கு ஒரு படி தேவைப்பட்டது, எழுத்தைப் படியாக்கிக்கொண்டார். எங்கள் அம்மா போனபோது அழத் தெரியாமல் நின்ற எனக்கு, ஒப்பாரி எடுத்துக்கொடுத்த அத்தைதான் அழக் கற்றுக்கொடுத்தார்.

கிறிஸ்தவர் அல்லாதவர் வரைந்ததை ஆலயத்தில் வைக்கலாமா?

எங்கள் பீடத்துக்குப் பின்னாலிருக்கும் வானத்தையும் விண்மீனையும் தீட்டியவர், மாரியம்மன் கோயில் கோபுரத்துக்கு வண்ணம் பூசும் ஓர் அண்ணன். வேலை நடந்த நாட்களில் அவராகவே மாமிசத்தை நிறுத்திவிட்டார், நாங்கள் கேட்கவில்லை. சாலமோன் கோயிலின் வெண்கல வேலைக்குத் தீரு நகரத்திலிருந்து ஈராம் என்ற கைவினைஞரை வரவழைத்தார். தாய் நப்தலி குலம், தகப்பன் தீரு நகரத்தான். சாலமோனுக்குத் தடையில்லாதது எங்கள் ஆலயக் குழுவுக்கு மட்டும் தடையாக இருந்தது. மூன்று கூட்டம் நடத்தினார்கள்.

ஆண்டவருக்குச் செய்யும் வேலைக்குக் கூலி கேட்கலாமா?

கேட்க வேண்டும். யோவாசு அரசர் காலத்தில் கோயிலைப் பழுதுபார்த்த தச்சருக்கும் கொத்தருக்கும் காணிக்கைப் பெட்டியிலிருந்து எண்ணிக் கொடுத்தார்கள் என்று அரசர்கள் இரண்டாம் நூல் 12ஆம் அதிகாரம் சொல்கிறது. முன்பொரு முறை ஓர் ஆலயத்துக்கு நான் பதினான்கு சிலுவைப்பாதைப் படங்களைத் தீட்டினேன், மூன்று மாத வேலை. சாயத்துக்கு மட்டும் என் கையிலிருந்து முந்நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் போனது. திறப்பு விழாவில் ஒலிபெருக்கிக்காரருக்குப் பணம், உணவு சமைத்தவருக்குப் பணம், எனக்குப் பொன்னாடை. பொன்னாடையை என் மனைவி பல நாள் மேசைத் துணியாகப் போட்டு வைத்திருந்தாள்.

இலவசமாகச் செய்ய விரும்புகிறவர் செய்யட்டும். அதை அவர் முடிவு செய்ய வேண்டும். குழு முடிவு செய்யக் கூடாது.

பிறர் பாட்டைப் பாடிப் பதிவுசெய்து வெளியிடலாமா?

மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பாடலுக்கான உரிமை இயற்றியவர் வாழ்நாளும் அவர் இறந்த பின் 50 ஆண்டுகளும் நீடிக்கும். சாஸ்திரியார் பாடல்களுக்குக் கவலை இல்லை. அண்மைக்காலப் பாடல் என்றால் கேட்டு அனுமதி வாங்குங்கள். ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. ஒன்று கிடைத்தால் மற்றதும் கிடைத்ததாக ஆகாது.

பாடுகளின் நாடகத்தை ஊர்த் திடலில் போடலாமா?

நாங்கள் ஆலய வளாகத்துக்குள்ளேயே போடுகிறோம். கூட்டரசு அரசியலமைப்பின் 11(4) விதி, முஸ்லிம்களிடையே பிற சமயத்தைப் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்த இடமளிக்கிறது. வீண் சந்தேகத்துக்கு இடம் வேண்டாம். தவிர, திடலில் ஒலிபெருக்கி வேண்டும். வளாகத்தில் பேதுரு மறுதலிக்கும்போது அவர் குரல் நடுங்குவது கடைசி வரிசைக்கும் கேட்கும்.

தோட்டங்களே போய்விட்டனவே, இன்னும் எதற்கு இதெல்லாம்?

பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்பு வருகிறது. லயம் இடித்தபோது எங்கள் தோட்டத்துச் சின்னக் கோயிலும் போனது. பழைய அந்தோணியார் சுரூபத்தை ஒருவர் மோட்டார் சைக்கிளில் மடியில் வைத்துக்கொண்டு பட்டணத்து ஆலயத்துக்குக் கொண்டுவந்தார். வழியில் கை விரல் இரண்டு உடைந்துவிட்டது. அதை ஒட்ட வைத்தது என் மாணவன்; கிள்ளானில் தொழிற்சாலை வேலை, விடுமுறைக்கு வந்திருந்தான். ஒட்டிய இடம் தெரிகிறது. வண்ணம் பூசி மறைக்கவா என்று கேட்டான். வேண்டாம் என்று சொன்னேன். அந்தத் தோட்டத்து ஆட்கள் வந்தால் முதலில் அந்த விரலைத்தான் தொட்டுப் பார்க்கிறார்கள்.

நாங்களும் குடில் வேலைக்கு வரலாமா?

வாருங்கள். நவம்பர் முதல் சனிக்கிழமை, காலை பசியாறிவிட்டு. எந்தச் சபை, எந்தச் சமயம் என்று கேட்க மாட்டோம். பழைய செய்தித்தாள், தேய்ந்த பல் துலக்கி, கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்ற சட்டை ஒன்று கொண்டுவாருங்கள். பாலுக்கு மட்டும் முன்கூட்டியே ஆள் எண்ணிக்கை தேவை. இப்போது வெட்டுகிறவர் ஒரே ஒரு சிறுதோட்டக்காரர்தான், மழை பெய்தால் அவரும் வெட்ட மாட்டார்.